நாலு சதவீதம்

எனக்குச் சத்தமாகப் பேச வராது. அந்த ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன். என் குரல் கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே கேட்டதாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். இதையும் நிதானமாகவே சொல்கிறேன் இன்ஸ்பெக்டர் மேடம், உங்கள் ரைட்டர் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

திங்கட்கிழமை காலை பத்து நாற்பத்தொன்றுக்கு என் மெஷினில் என்ன பார்த்தேன் என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது. புரியாமல் எழுதுகிற வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட எனக்கு விருப்பமில்லை. முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் சேலத்துக்காரன், அம்மாபேட்டை. தினமும் முதல் பஸ் பிடித்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வேலைக்கு வந்து போனவன். நான் சேர்ந்தபோது ஏற்காட்டில் கம்ப்யூட்டர் என்றால் லாட்ஜில் பில் போடுகிற பெட்டி, அவ்வளவுதான். நோயாளிகளின் விவரங்களை எல்லாம் காகிதத்திலிருந்து எடுத்து டேட்டாபேஸில் ஏற்றியவன் நான். நாகலூர் கிளினிக், வாழவந்தி கிளினிக் இரண்டையும் இங்கே இணைத்ததும் நான்தான். எந்த டாக்டராக இருந்தாலும் பழைய ரிப்போர்ட் வேண்டுமென்றால் என் அறைக்கு வந்து நிற்கவேண்டும். ‘ஹரிஹரன் சார், கொஞ்சம் பாருங்க’ என்று கேட்கவேண்டும். நான் பார்த்துச் சொல்வேன். யாரையும் தேவைக்கு மேல் காக்கவைத்ததில்லை.

கீர்த்திகா இரண்டரை வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வேலைக்கு வந்தாள். வாழவந்திக்காரி. அப்பா அம்மா இரண்டு பேரும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுக்கிறவர்கள். சேலத்தில் படித்துவிட்டு மலைக்கே திரும்பி வந்தவள். கெட்டிக்காரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் இரண்டு நாள் எடுத்துக்கொள்கிற ரிப்போர்ட்டை ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, எப்படி எடுத்தேன் என்று டாக்டர்களுக்கும் சொல்லிக்கொடுப்பாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம். மலைக்காரர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று, ‘ஏங்கண்ணு, என்ற சீட்டக் கொஞ்சம் பாரு’ என்பார்கள். எழுந்து போய் வெளியே நின்றே பதில் சொல்லிவிட்டு வருவாள். ஆறு மாதத்தில் என் மேஜை முன்னால் யாரும் நிற்பதில்லை என்று ஆகிவிட்டது.

போன ஆவணியில் ஒரு கூட்டம். ஆஸ்பத்திரி நிர்வாகி தனபால், டாக்டர் நந்தினி, இன்னும் நாலைந்து பேர். ஏதோ ஒரு சந்தேகம் வந்தது. ‘அத கீர்த்திகாகிட்டக் கேட்டுக்கலாம்’ என்றார் டாக்டர் நந்தினி. அவருக்கு எதிர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னை அவமானப்படுத்தவில்லை. நான் அங்கே இருப்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

வெறுப்பு என்று எழுதவேண்டாம் மேடம். நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

எங்கள் டேட்டாபேஸில் ஒரு குறை இருந்தது. ஒரே ஆளுக்கு இரண்டு எண், மூன்று எண். நாகலூரில் காட்டியபோது ஒரு எண், மருத்துவ முகாமில் ஒரு எண், இங்கே வந்தபோது ஒரு எண். இதையெல்லாம் ஒன்றாக்கவேண்டும் என்று கீர்த்திகாதான் ஆரம்பித்தாள். நல்ல காரியம்தான். பன்னிரண்டு வருடத்து மருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனை, ஊசிக் குறிப்பு எல்லாம் சேர்த்து ஒரு கோடிக்கு மேல் வரிகள். எல்லாவற்றிலும் நோயாளி எண்ணை மாற்றவேண்டும். ஐயாயிரம் ஐயாயிரம் வரியாக மாற்றுவதுபோல் எழுதி எடுத்துவந்து என்னிடம் காட்டினாள்.

‘சார், இப்படிப் பண்ணுனா நடுவுல நின்னாலும் ஐயாயிரத்தோட போயிருமுங்க. சரியாங்க சார்?’

சரிதான். அதுதான் சரி. நான் வேறு மாதிரி சொன்னேன். இது மனிதர்களின் உடம்பு சம்பந்தப்பட்ட விவரம், பாதி மாறிப் பாதி மாறாமல் ஒரு நிமிடம்கூட இருக்கக்கூடாது, மொத்தத்தையும் ஒரே டிரான்சாக்ஷனாகப் போடு என்றேன்.

உங்கள் ரைட்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். விளக்குகிறேன். டிரான்சாக்ஷன் என்றால் ஒரே மூச்சில் செய்கிற மாற்றம். கடைசியில் ‘முடிந்தது’ என்று சொல்லும்வரை எதுவும் செல்லாது. அதுவரை தொட்ட வரிகளையெல்லாம் பூட்டி வைத்திருக்கும், வேறு யார் கேட்டாலும் காத்திருக்கவேண்டும். நடுவில் நிறுத்தினால் அதுவரை செய்ததை ஒவ்வொரு வரியாக அழித்துப் பழையபடி ஆக்கும். அதைத்தான் ரோல்பேக் என்கிறோம். முன்னால் போகும்போது எட்டுப் பேர் பங்கிட்டுச் செய்கிற வேலையை, திரும்பி வரும்போது ஒரே ஆள் செய்யவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடிகிறவரை பூட்டும் விலகாது. அவசரப்பட்டு சர்வரை நிறுத்திப் போட்டால் இன்னும் மோசம், மொத்தமும் படுத்துவிடும். இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது.

கீர்த்திகா தான் எழுதியதை மடித்து எடுத்துக்கொண்டாள். ‘நீங்க சொன்னாச் சரிங்க சார்’ என்றாள். என்மேல் அவளுக்கு மரியாதை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

சோதனை மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டு ஐந்து மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தால் ஏழு மணிக்கு முடியும். கணக்கில் தப்பில்லை. ஆனால் வரிகளைச் சீக்கிரம் தேடி எடுப்பதற்கென்று உள்ளே ஓர் இன்டெக்ஸ் உண்டு, அது இல்லாவிட்டால் அதே வேலை மூன்று நான்கு மடங்கு நேரம் இழுக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அதை நான் எடுத்துவிட்டேன். ‘பராமரிப்பு’ என்று குறிப்பும் எழுதிவைத்தேன். உங்களிடம் இருக்கிற பதிவுத் தாள்களில் மூன்றாவது பக்கத்தில் அது இருக்கும். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை என்று தெரியும், அதனால் நானே சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை நான் வந்து இறங்கியபோது மாற்றம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஏரிப் பக்கம் எல்லாம் பனிமூட்டம். பழம் எடுக்கிற காலம், ஆஸ்பத்திரியில் கூட்டம் வேறு. எட்டரை மணிக்குச் சீட்டுப் போடுகிற இடத்தில் எந்தப் பெயரைத் தட்டினாலும் திரை சுற்றிக்கொண்டே இருந்தது. தனபால் என் அறைக்கு வந்தார். கடைசியாக எப்போது அவர் என் அறைக்கு வந்தார் என்று எனக்கு ஞாபகமில்லை.

‘ஏனுங்க ஹரிஹரன், என்னதானுங்க நடக்குது? ஜனங்க கத்துறாங்க வெளிய.’

‘கீர்த்திகா நேத்து ஒரு வேலை ஆரம்பிச்சிருக்காங்க சார். அது இன்னும் முடியல’ என்றேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

கீர்த்திகா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. எத்தனை வரி முடிந்தது என்று எண்ணி வைத்திருந்தாள். ‘இன்னம் நாப்பது நிமிசமுங்க சார். ஒம்போதே முக்காலுக்கு முடிஞ்சிரும். அதுவரைக்கும் பேப்பர்ல சீட்டு எழுதச் சொல்லுங்க. தயவுசெஞ்சு நிறுத்தாதீங்க சார். நிறுத்துனா சாயங்காலம் வரைக்கும் திரும்பிக்கிட்டே இருக்கும்.’

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. நானும் எண்ணிப் பார்த்திருந்தேன், எனக்கு முப்பத்தெட்டு நிமிடம் என்று வந்தது.

தனபால் என்னைத்தான் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. ‘நீங்க சொல்லுங்க ஹரிஹரன்’ என்றார்.

‘எப்ப முடியும்னு யாராலும் சொல்லமுடியாது சார். நிறுத்தறதுதான் பாதுகாப்பு’ என்றேன்.

ஒன்பது ஐந்துக்கு நிறுத்தினேன். ரோல்பேக் ஆரம்பித்தது. உடனே கீர்த்திகா டேட்டாபேஸுக்குள் நுழைகிற அனுமதிகளையும் எடுத்துவிட்டேன். கோளாறு நேரத்தில் ஒரு கைதான் உள்ளே இருக்கவேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவன் நான். அவள் தனபாலிடம் இன்னொரு வழி சொன்னாள். ‘சார், பூட்டு இருந்தாலும் அதத் தாண்டிப் படிக்கலாமுங்க. கேக்குறப்ப கூட ஒரு வார்த்த சேத்தாப் போதும். அவசரக் கேஸ் மட்டுமாச்சும் அப்படிப் பாத்துக் குடுக்கலாமுங்க சார்.’

அப்படி ஒரு வழி உண்டுதான். நான் தனபாலிடம் பொறுமையாகச் சொன்னேன். பாதி திரும்பிய நிலையில் படித்தால் தப்பான விவரம் வரலாம், ஆஸ்பத்திரியில் தப்பான விவரத்தைவிட விவரமே இல்லாமல் இருப்பது நல்லது என்றேன். நீங்களே சொல்லுங்கள் மேடம், கேட்பதற்கு நியாயமாக இல்லையா? தனபாலுக்கும் நியாயமாகத்தான் பட்டது. ‘கொஞ்சம் வெளிய இரும்மா’ என்று அவளிடம் சொன்னார். அவள் வராந்தாவில் போய் நின்றாள். அழுதாள் என்று பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. எனக்கு அன்று நிறைய வேலை இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் வந்து கேட்டுப் போனார்கள். எல்லோருக்கும் பதில் சொன்னேன்.

பத்து இருபதுக்கு ஆராயியைக் கொண்டுவந்தார்கள்.

வயது முப்பத்து நான்கு. நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வேலை. ஒரு வாரத்துக்கு முன்னால் செடி கழிக்கிற கவாத்துக் கத்தி காலில் பட்டிருக்கிறது, கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். காயம் சீழ் பிடித்து, காய்ச்சல் ஏறி, அன்று காலை காப்பிச் செடிக்கு நடுவிலேயே விழுந்துவிட்டார். வரும்போது நினைவில்லை. புருஷன் செங்கோடன் வேலையிடத்திலிருந்தே ஜீப்பில் தூக்கிப்போட்டு வந்திருந்தார். நான்கு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே போட்ட ஓர் ஊசி ஆராயிக்கு ஒத்துக்கொள்ளாமல் உயிர் போய் வந்திருக்கிறது. அந்த ஊசியின் பெயர் எழுதிய சீட்டு வீட்டில் இருந்தது. பெயர் செங்கோடனுக்குத் தெரியவில்லை.

டாக்டர் நந்தினி போன் செய்தார். ‘ஹரிஹரன் சார், ஆராயி, நாகலூர். அலர்ஜி மட்டும் பாத்துச் சொல்லுங்க. ஒரே ஒரு வரி. ரத்தத்துல விஷம் ஏறியிருக்கு, ஆன்டிபயாடிக் உடனே போட்டாகணும்.’

சார் என்று அவர் என்னைக் கூப்பிட்டு இரண்டு வருடம் இருக்கும்.

‘ரோல்பேக் ஓடிக்கிட்டு இருக்கு டாக்டர். நாலு சதவீதம் ஆயிருக்கு’ என்றேன். ஆரம்பத்தில் அந்த எண் மெதுவாகத்தான் நகரும்.

செங்கோடன் அதற்குள் என் அறை வாசலில் வந்து நின்றார். அவசர சிகிச்சைப் பிரிவு எதிரில்தான், நர்ஸ் கை காட்டி அனுப்பியிருக்கவேண்டும். முழங்கால் வரைக்கும் மண். உள்ளே வரலாமா என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

‘ஏனுங்க சார், இங்கதானுங்க அந்த ஊசி போட்டாங்க. முகமெல்லாம் வீங்கிப் போச்சுங்க. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம், இனி பயப்படாதீங்கன்னு சொன்னாங்க. கொஞ்சம் பாருங்க சார். நொம்ப மோசமா இருக்குறாளுங்க.’

‘உள்ள வாங்க, உக்காருங்க’ என்றேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் கையெல்லாம் மண்ணாக இருந்ததால் டம்ளரை நானே பிடித்துக்கொண்டேன்.

பிறகு பத்து நாற்பத்தொன்றுக்கு, கீர்த்திகா சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்து, ஆராயி, நாகலூர் என்று கேட்டேன். இரண்டு நொடியில் வந்துவிட்டது. இரண்டு எண்ணில் இருந்தார். ஒன்றில் ஒவ்வாமைக் கட்டத்தில் எதுவும் இல்லை. இன்னொன்றில் செஃப்ட்ரியாக்ஸோன் என்று இருந்தது. முகம் வீக்கம், மூச்சடைப்பு, இனி எந்த நிலையிலும் கொடுக்கக்கூடாது. எழுதியவர் பெயர், தேதி எல்லாம் சரியாக இருந்தன. தப்பான விவரம் வரலாம் என்று தனபாலிடம் சொல்லியிருந்தேன். தப்பாக வரவில்லை.

உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான் மேடம். பார்த்தேன். படித்தேன். புரிந்தது.

ஏன் பார்த்தேன் என்று கேட்டால், எனக்குத் தெரியாத விவரம் ஒன்று அந்த டேட்டாபேஸில் இருப்பது எனக்குப் பிடிக்காது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், அதற்கும் காரணம் இருக்கிறது. சொல்லியிருந்தால் எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். அப்படியானால் எல்லோருடைய விவரத்தையும் பார்க்கலாமே, அந்தப் பெண் சொன்னது சரிதானே என்பார்கள். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரி பழையபடி நடக்கும். கீர்த்திகா செய்தது ஒரு சின்னத் தாமதம் என்று ஆகிவிடும். சாயங்காலம் அவளுக்கு டீ வாங்கிக் கொடுப்பார்கள். நான் அவ்வளவு தூரம் செய்ததற்கு அர்த்தமே இல்லாமல் போயிருக்கும்.

பத்து நாற்பத்து மூன்றுக்கு டாக்டர் மறுபடி கூப்பிட்டார். ‘கிடைச்சுதா சார்?’

‘இல்லைங்க டாக்டர். இன்னும் நாலு சதவீதம்தான்.’

‘சரி. பெனிசிலினாத்தான் இருக்கும், பெரும்பாலும் அதுதான் ஒத்துக்காது. நான் அதத் தவிர்த்துட்டு வேற போடறேன்’ என்றார். வேறு என்றால் எது என்று எனக்குத் தெரியும். எங்கள் மருந்தகத்தில் என்ன இருக்கிறது என்பதும் அதே டேட்டாபேஸில்தான் இருக்கிறது. போனை வைத்தேன்.

நீங்கள் என் முகத்தையே பார்க்கிறீர்கள். நான் ஆராயியைக் கொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. அவரை எனக்குத் தெரியாது. அன்று அவர் வராமல் இருந்திருந்தால் வேறு யாராவது வந்திருப்பார்கள், அல்லது யாரும் வராமல் இருந்திருப்பார்கள். இரண்டில் எது நடந்தாலும் எனக்குச் சம்மதமாகத்தான் இருந்தது.

‘ஏனுங்க சார், பேரு கெடைச்சுதுங்களா?’ என்று செங்கோடன் கேட்டார்.

‘தேடிக்கிட்டு இருக்குதுங்க’ என்றேன்.

திரை அவர் பக்கம் பார்த்துத்தான் இருந்தது. நான் திருப்பிவைக்கவில்லை. அவர் பெண்டாட்டியின் பெயரும் ஊரும் மருந்தின் பெயரும் ஆங்கிலத்தில் அவருக்கு எதிரிலேயே இருந்தன. அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. தெரியாது என்று நானாக நினைத்துக்கொண்டேன், அது சரியாக இருந்தது. எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன். ரெண்டுங்க என்றார். பெரியது பெண், வாழவந்தியில் மாமன் வீட்டிலிருந்து படிக்கிறதாம். ‘நல்லாப் படிக்க வையுங்க’ என்றேன்.

பத்து ஐம்பதுக்கு அதே ஊசியைப் போட்டார்கள். அது சோதனைக்காகப் போடுகிற சின்ன அளவுதான். அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது. சத்தம் கேட்டு செங்கோடன் எழுந்து ஓடினார். டாக்டர் நந்தினி நாற்பது நிமிடம் போராடினார் என்று அறிக்கையில் இருக்கிறது. நான் படித்ததற்கும் ஊசி போட்டதற்கும் நடுவில் ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் போன் என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, மிரட்டவில்லை. நான் குழம்பிப் போயிருந்தேன் என்று என் வக்கீல் சொல்வார். இல்லை. நான் தெளிவாக இருந்தேன். அன்று மாதிரித் தெளிவாக நான் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ரோல்பேக் சாயங்காலம் ஏழு மணிக்கு முடிந்தது. அதுவரை ஒருவரையும் சர்வரைத் தொடவிடாமல் நாற்காலியை விட்டு நகராமல் இருந்தேன். தனபால் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அடுத்த நாள் கீர்த்திகாவை வேலையை விட்டு அனுப்பினார்கள். ‘ஒரு உசுரப் போக்கிட்டியேம்மா’ என்று தனபால் அவளிடம் சொன்னார். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் அதைத் திருத்தவில்லை. அவள் சாமான்களை எடுக்க வந்தபோது, ‘விடும்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான்’ என்று ஆறுதல் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. ஐந்து மணி நேர வேலை எப்படிப் பத்தொன்பது மணி நேரம் ஓடியும் முடியாமல் இருந்தது என்று. யார் எப்போது எதைப் படித்தார்கள் என்ற பதிவு என் கைக்கு எட்டாத வேறு இடத்தில் சேர்கிறது. அதை வரவழைத்துப் பார்க்கச் சொல்லி உங்களிடம் எழுதிக் கொடுத்தது அவள்தானே. நீங்கள் சொல்லவேண்டியதில்லை. மலையில் அந்தப் பதிவு இருப்பது தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

எல்லாம் எழுதியாகிவிட்டதா? சரி. ஆரம்பத்திலிருந்தே திட்டமிட்டுத்தான் செய்தேன். இன்டெக்ஸை எடுத்தேன், முடியப்போகிறது என்று தெரிந்தே நிறுத்தினேன், மருந்தின் பெயரைத் தெரிந்துகொண்டே மறைத்தேன். ஆராயி செத்தது என்னால். எங்கே கையெழுத்துப் போடவேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் செங்கோடனுக்கு இது தெரியவேண்டாம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஒரு சீப்பு மலை வாழைப்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் என்னை உட்காரவைத்து ஒரு மனுசனாக மதித்துப் பேசியது நீங்கள் ஒருத்தர்தானுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது உண்மைதான் மேடம். வேண்டுமானால் வேறு யாரையாவது கேட்டுப் பாருங்கள், அன்றைக்கு அவருக்குத் தண்ணீர் கொடுத்தது நான் மட்டும்தான்.